நீலத் துணியும் வேலம்பிசினும்

செனகலின் தலைநகரான டக்காரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், டிசம்பரில் நாலு நாள் விடுமுறை கிடைத்தபோது சேன் லூயி என்ற பழைய தீவு நகருக்குப் போனேன். அரிசி இறக்குமதி செய்யும் அலுவலகத்தில் எனக்கு வேலை. காக்கிநாடாவில் எப்போது கப்பல் ஏற்றினார்கள், இங்கே எப்போது நங்கூரம் போடும், மூட்டைகளில் ஈரம் எவ்வளவு என்பதுதான் என் பொழுது முழுவதும். செனகலின் வரலாறு பற்றி ஒன்றும் தெரியாது. கூட வேலை பார்க்கும் பெண், "எங்க பெரியப்பா வீடு அங்கே இருக்கு, போய்த் தங்கு" என்று சொல்லி அனுப்பினாள். ஏழு பேரை அடைத்துக்கொண்டு ஓடும் பழைய பெஜோ கார் ஒன்றில், 260 கிலோமீட்டர் போலப் பயணம். வழியெல்லாம் பாவோபாப் மரங்கள். பிறகு அவையும் குறைந்து, மணலும் முள்மரங்களும். மாலையில் ஃபெதெர்ப் பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததும் தூக்கிவாரிப் போட்டது. நேர்கோட்டில் வெட்டிக்கொள்ளும் தெருக்கள், மஞ்சளும் காவியும் பூசிய உயரமான சுவர்கள், மரச் சன்னல்கள், சுவர் மேல் காகிதப்பூ. நான் பிறந்து வளர்ந்த புதுச்சேரியின் துய்மா வீதியில் நிற்பது போல இருந்தது.

அந்தப் பெரியப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எல்லாரும் அவரைத் தொன்தொன் என்றே கூப்பிட்டார்கள். நம் ஊரில் மாமா என்பது போல. நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். இந்தியாவில் எங்கே என்று கேட்டார். வழக்கமாக இதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். பொந்திஷேரி என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கினே!" என்றார். எனக்குப் புரியவில்லை, கினி நாட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "இல்லையப்பா, கினே. நீலத் துணி. உங்கள் ஊர்த் துணி இங்கே காசாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லித் தரவில்லையா?"

சொல்லித் தரவில்லை. என் அப்பா 31 வருடம் புதுச்சேரியில் துணி ஆலையில் வேலை பார்த்தவர். தாத்தா முத்தியால்பேட்டையில் தறி போட்டவர். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கே தெரியாத செய்தியை, ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் ஒருவர் இயல்பாகச் சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை.

துணி எப்படிக் காசானது

சேன் லூயியைப் பற்றி எழுதும் நம் ஆட்கள், புதுச்சேரியைப் பற்றி எழுதும் வெளியூர் ஆட்களைப் போலவே, சுவரைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு ஊருக்கும் உள்ள உறவு சுவரில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. செனகல் ஆறு கடலில் சேரும் இடத்தில், உள்ளூரார் ந்தார் என்று அழைக்கும் தீவில், 1659இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். 15 வருடம் கழித்து புதுச்சேரியில் கால் வைத்தார்கள். 1719இல் பிரான்ஸ் தன் கடல்வணிகக் கம்பெனிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தபோது, செனகலும் புதுச்சேரியும் ஒரே இந்தியக் கம்பெனியின் கீழ் வந்தன. புதுச்சேரிப் பக்கம் நெய்து, நீலச் சாயம் தரும் அவுரியில் தோய்த்த துணி பிரான்சின் லோரியான் துறைமுகத்துக்குப் போகும். அங்கே ஏலத்தில் விற்கும். வாங்கிய வியாபாரி அதை ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுவான். ஆங்கிலேயர் இரண்டு ஊர்களையும் பிடித்தார்கள். நெப்போலியன் போர்கள் முடிந்தபின் இரண்டையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திருப்பித் தந்தார்கள்: 1816 டிசம்பரில் புதுச்சேரி, 1817 ஜனவரியில் சேன் லூயி. சேன் லூயியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள ஆளுநரை ஏற்றி வந்த மெதூஸ் கப்பல்தான், வழியில் மணல்திட்டில் தட்டி, அதிலிருந்த பலர் தெப்பத்தில் தத்தளித்து மடிந்த அந்தப் புகழ்பெற்ற துயரத்தில் முடிந்தது.

அதற்குப் பின்வந்த 30, 40 வருடங்கள்தான் கினேயின் காலம். ஆற்றின் வடகரையில் பாலைவனம். அங்கே த்ரார்சா, ப்ராக்னா என்ற அமீரகங்கள், அரபு-பெர்பர் வழிவந்த மூர் மக்களுடையவை. அவர்கள் நிலத்தில் வளரும் ஒருவகை வேல மரத்தில், பாலைக்காற்று அடித்துப் பட்டை வெடிக்கும் மாதங்களில், பிசின் வடியும். நம் ஊர்க் கருவேலம்பிசினுக்குப் பங்காளி என்று சொல்லலாம். அதற்கு ஐரோப்பாவில் தீராத தேவை. அதை வாங்க வெள்ளியைக் கொடுத்தால் மூர்கள் விரும்பவில்லை. அவர்கள் கேட்டது நீலத் துணி. சுமார் 15 மீட்டர் நீளத்தில் மடித்துக் கட்டிய ஒரு துணிக்கட்டு, ஒரு கினே. அதுவே அந்த ஆற்றங்கரை முழுவதற்கும் அளவுகோல். பிசினுக்கு விலை கினேயில், அமீருக்குக் கட்டும் சுங்கம் கினேயில், படகோட்டியின் கூலி கினேயில், கடன் கினேயில். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துணிகள் வந்திறங்கிய ஆண்டுகள் உண்டு.

நீலமாக இருந்தால் மட்டும் துணி செல்லாது என்பதுதான் இதில் என்னை மயக்கிய பகுதி. பிரான்சின் ரூவானில் போலி செய்து பார்த்தார்கள். பெல்ஜியத்திலும் செய்தார்கள். மலிவாகவே செய்தார்கள். மூர் வியாபாரி துணியைக் கையில் எடுத்து, பளபளப்பைப் பார்த்து, கசக்கி, முகர்ந்து பார்த்து, இது இந்தியத் துணி இல்லை என்று தள்ளிவிடுவார். அவுரித் தொட்டியின் வாசனை துணியில் இருக்க வேண்டும். உடுத்தினால் சாயம் தோலில் ஏற வேண்டும். சாயம் போகும் துணியைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு, சாயம் ஒட்டுவதையே அழகாகவும் செல்வமாகவும் எண்ணிய மக்கள் இருந்தார்கள் என்பது பெரிய செய்தி. தென்னார்க்காட்டு அவுரியும், புதுச்சேரியைச் சுற்றியிருந்த தறிகளும், சாயத் தொழிலாளியின் கைப்பழக்கமும் சேர்ந்துதான் அந்த வாசனை. 1820களின் இறுதியில் புதுச்சேரியில் முதல் நூற்பாலை வந்ததற்கும் இந்தச் செனகல் சந்தைதான் பெரிய காரணம். எங்கள் ஊரில் சவானா மில் என்று சொல்வோமே, அது.

துணி காசானால், காசுக்கு வரும் நோய்களும் துணிக்கு வரும். சேன் லூயியின் வியாபாரிகள், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களும் கலப்பினத்தவர்களும், பிரான்சின் போர்தோ ஊர்ப் பெருவணிகர்களிடம் கினேயைக் கடனாக வாங்கிக்கொண்டு ஆற்றில் மேலே போவார்கள். கரையோரச் சந்தைகளில் மூர்களோடு பேரம் பேசிப் பிசின் வாங்கி, கடனை அடைப்பார்கள். 1830களின் கடைசியில் துணி அளவுக்கு மீறி வந்து குவிந்தது. கினேயின் மதிப்பு சரிந்தது. ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கூடுதல் துணி கொடுத்துப் பிசின் வாங்கினார்கள், கடன் அடையவில்லை. சேன் லூயியின் பழைய குடும்பங்கள் பல அந்தச் சில வருடங்களில் வீட்டையும் படகையும் போர்தோக்காரர்களிடம் இழந்தன. நோட்டை அதிகம் அச்சடித்தால் என்ன ஆகும் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அதுவே அங்கே துணியில் நடந்தது.

அப்பா கேட்டது

இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத் தெரிந்துகொண்ட அந்த மாதங்களில் நான் பெருமையில் மிதந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். நம் நெசவாளி நெய்த துணி ஒரு நாட்டின் நாணயமாக இருந்திருக்கிறது! புதுச்சேரியின் வரலாற்றை கவர்னர்களின் வரலாறாகவே எழுதிவைத்திருக்கிறார்களே, தறியில் உட்கார்ந்தவன் எங்கே என்று ஆதங்கம் வேறு. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, சேன் லூயியின் ஆற்றுக்கு இக்கரைச் சந்தையில் வாங்கிய ஒரு பொட்டலம் பிசினை அப்பாவுக்காகக் கொண்டுவந்தேன். அப்பா ஆலையில் பாவுக்குக் கஞ்சி போடும் பிரிவில் இருந்தவர். பிசுபிசுப்பு, பதம், காய்ச்சல் எல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஆலை மூடிக் கிடக்கிறது. அவர் விரல் மறக்கவில்லை.

ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தேன் நிறத்தில், கண்ணாடி போல. நாக்கில் வைத்துப் பார்த்தார். "வேலம்பிசின்தானே? நல்ல பிசின். நம்ம ஊரு மாதிரி கறுப்பு இல்ல" என்றார். நான் கதையைச் சொன்னேன். துணி, கப்பல், மூர்கள், முகர்ந்து பார்ப்பது எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தாத்தா தறியில் அந்த நீளத்துக்கு ஒரு துணி நெய்ய எத்தனை நாள் ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். பாவு ஓட்டுவது, கஞ்சி தோய்ப்பது, வீட்டுப் பெண்கள் நூல் சுற்றுவது எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னார். அப்புறம், கட்டியைக் கையிலேயே உருட்டிக்கொண்டு கேட்டார்: "நெசவு செஞ்சவனுக்கு ஏதோ கூலின்னு ஒண்ணு வந்திருக்கும். இந்தப் பிசின மரத்துலேர்ந்து எடுத்தவனுக்கு என்னப்பா குடுத்தாங்க?"

எனக்கு விடை தெரியும். படித்திருந்தேன். படித்தபோது அந்த வரியை வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன். பிசின் எடுத்தவர்கள் அடிமைகள். முள்மரக் காடுகள் மூர்களின் சமயக் குடிகளுக்குச் சொந்தம். அந்த வெயிலில் மரம் மரமாகப் போய்ப் பிசின் எடுத்தது அவர்களின் கறுப்பின அடிமைகள். அவர்களுக்குக் கூலி என்று ஒன்றும் இல்லை. பிசினுக்கு ஈடாக வந்த நீலத் துணியைக் கொண்டு மூர்கள் தெற்கிலிருந்து தானியம் வாங்கினார்கள், இன்னும் அடிமைகளை வாங்கினார்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டில் இன்னும் நேரடியாகவே நடந்தது: மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கி அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றியவர்கள் கொண்டுவந்த சரக்குகளில் முதலிடம் இந்தியத் துணிக்குத்தான். சேன் லூயியின் கோட்டைக்கும், அழகான மாடிவீடுகளுக்கும், சின்யார் என்று பெயர்பெற்ற செல்வச் சீமாட்டிகளின் பொன்நகைகளுக்கும் பின்னால் அந்த வியாபாரம் இருந்தது. பிசின் படகுகளை ஆற்றில் இழுத்துச்சென்ற படகோட்டிகளிலும் பலர், முதலாளி வாடகைக்கு விட்ட அடிமைகள். 1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. ஆற்றுக்கு வடக்கே அந்தச் சட்டம் எட்டவில்லை.

"ஒண்ணும் குடுக்கலப்பா, அடிமைங்க" என்றேன். அப்பா தலையை ஆட்டினார். பிசினைப் பொட்டலத்தில் வைத்து மடித்து அலமாரியில் வைத்தார். அவர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. 1936 ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரியில் எட்டு மணிநேர வேலை கேட்டுச் சுடப்பட்டு இறந்த 12 ஆலைத் தொழிலாளர்களுக்கு வருடாவருடம் மாலை போடப் போகிறவர் அவர். அவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். எனக்கு ஏன் வரவில்லை என்று பலநாள் யோசித்தேன். காசு என்ற சொல்லில் மயங்கி, அந்தக் காசால் என்ன வாங்கினார்கள் என்று கேட்க மறந்திருந்தேன்.

பிசின் எங்கே போயிற்று என்று பார்த்தபோது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அது பெரும்பாலும் துணி அச்சடிக்கும் பட்டறைகளுக்குப் போனது. சாயம் துணியில் பரவி வழியாமல், பூவும் கொடியும் கூர்மையாக விழ வேண்டுமென்றால் சாயக் குழம்பைக் கெட்டியாக்க வேண்டும். அதற்குச் செனகல் பிசினைப் போல வேறொன்று இல்லை. அங்கே அச்சடித்தது என்ன? நம் சோழமண்டலக் கரையின் சீட்டித் துணியைப் பார்த்துச் செய்த நகல்கள். இந்தியச் சீட்டி தங்கள் நெசவைக் கெடுக்கிறது என்று பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதற்குத் தடை போட்டிருந்தது. தடை நீங்கியதும் ரூவானிலும் முலூசிலும் பட்டறைகள் பெருகின. மான்செஸ்டர் கதை நமக்குத் தெரிந்ததே. ஆக, முத்தியால்பேட்டையிலோ சுற்றுப்புறத்திலோ ஒருவர் நெய்த நீலத் துணியைக் கொடுத்து, ஓர் அடிமை எடுத்த பிசினை வாங்கி, நம் கரையின் சீட்டிக்காரர்களைச் சந்தையிலிருந்து விரட்டிய துணிக்கு அந்தப் பிசினைப் பயன்படுத்தினார்கள். நெய்தவருக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது. எடுத்தவருக்கு அது எதற்கு என்று தெரியாது. நடுவில் போர்தோவில் உட்கார்ந்து எழுதியவருக்கு மட்டும் முழுக் கணக்கும் தெரியும். அவர்களில் மொரேல் - ப்ரோம் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. இப்போது எண்ணெய்க் கம்பெனியாக.

ஆற்றின் வாய்

ஊர் எப்படிச் சரிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிலக்கடலை வந்தது. அது விளைந்த நிலம் தெற்கே. சேன் லூயியில் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் எப்போதும் நகர்ந்துகொண்டிருக்கும் மணல்திட்டு. பெரிய கப்பல்கள் அதைத் தாண்டி உள்ளே வர நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். டக்காரில் ஆழமான இயற்கைத் துறைமுகம். 1885இல் இரண்டு ஊருக்கும் நடுவே ரயில் போட்டார்கள். சேன் லூயியை வளர்க்கும் என்று நினைத்த ரயில் அதன் சரக்கை டக்காருக்குக் கொண்டுபோய்விட்டது. 1902இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் தலைநகரும் டக்காருக்குப் போனது. 1957இல் செனகலின் தலைநகர் என்ற பெயரும் போயிற்று.

இப்போது ஊரை வாழவைப்பது மீன். தீவுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய மணல்நாக்கு நீண்டு கிடக்கிறது. அதன்மேல் கெத் ந்தார் மீனவர் குடியிருப்பு. ஆப்பிரிக்காவிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் ஒன்று என்கிறார்கள். நடந்து பார்த்தால் நம்பலாம். வண்ணம் பூசிய நீண்ட படகுகள், குறுக்கே ஓடும் ஆடுகள், கருவாடும் புகையிட்ட மீனும் பரப்பிய தட்டிகள், அவற்றைப் புரட்டும் பெண்கள். அவர்கள் இடுகாட்டில் கல்லறைகள் மேல் மீன்வலையைப் போர்த்தியிருக்கிறார்கள். 2003 அக்டோபரில் ஆற்றில் வெள்ளம் ஏறித் தீவு மூழ்கும் நிலை வந்தபோது, அவசரமாக அந்த மணல்நாக்கில் 4 மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வெள்ளம் வடிந்தது. வாய்க்கால் நிற்கவில்லை. கடல் அதை அறுத்து அறுத்துக் கிலோமீட்டர் கணக்கில் அகலமாக்கியது. தூன் பாபா ஜெய் என்ற கிராமம் கடலுக்குள் போய்விட்டது. ஆற்றின் வாய் புதிதாகி, எங்கே திட்டு எங்கே ஆழம் என்று தெரியாமல் படகுகள் கவிழ்ந்து எத்தனையோ மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். கெத் ந்தாரிலும் கடல் வீடுகளைத் தின்றது. குடும்பங்களை உள்ளே ஜூகோப்புக்குக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். கடலில் 10 கிலோமீட்டர் தூரத்தில் இரவில் வரிசையாக விளக்குகள் தெரிகின்றன. செனகலும் மொரித்தானியாவும் பங்கிட்டுக்கொள்ளும் எரிவாயுத் திட்டம். முதல் கப்பல் 2025 ஏப்ரலில் எரிவாயு ஏற்றிப் போனது. அந்த இடத்தில் ஜத்தாரா என்ற பாறைத்திட்டு இருக்கிறது. மீன் கூடும் பாறை. இப்போது பாதுகாப்பு வளையம் என்று சொல்லி மீனவர்களைக் கிட்டே விடுவதில்லை. எரிவாயு போகும் கப்பலின் கணக்கு இந்த ஊரில் எழுதப்படுவதில்லை என்பதை நினைக்கும்போது கோபம்தான் வருகிறது.

அப்பாவின் கேள்வியோடு மறுபடியும் தொன்தொன் வீட்டுக்குப் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். செபு ஜென். மீனும் காய்கறியும் தக்காளியும் போட்டு வேகவைக்கும் சோறு. இந்த ஊரில் பெந்தா ம்பாய் என்ற பெண்தான் முதலில் சமைத்தாள் என்று சொல்கிறார்கள். அதற்கு முழு அரிசி ஆகாது. நொய்தான் வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவில் அரிசி அரைத்து மிஞ்சிய நொய்யை இங்கே மலிவாகக் கொட்டி விற்றார்கள். காலப்போக்கில் நாக்கு அதையே கேட்கத் தொடங்கிவிட்டது. இன்று அந்த நொய்யில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருகிறது. என் வேலையே அதுதானே. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது டக்காரில் எங்கள் அலுவலகத்துத் தொலைபேசி ஓயவில்லை. தொன்தொன் மனைவி அந்த மாதங்களைப் பற்றி விசாரித்தார், ஏன் நிறுத்தினீர்கள் என்று என்னையே கேட்பது போல. எங்கள் ஊரில் மழை பொய்த்தது, விலை ஏறுமோ என்று அரசு பயந்தது என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே, ஒரே பெரிய தட்டில் என் பக்கமாக மீன் துண்டையும் மரவள்ளிக்கிழங்கையும் பிய்த்துத் தள்ளினார்.

சாப்பிட்டு முடித்துக் கரி அடுப்பில் தேநீர் கொதிக்கும்போது அப்பா கேட்டதைச் சொன்னேன். பெருமையாகச் சொன்ன செய்தி எப்படி எனக்குள் மாறிப்போனது என்றும் சொன்னேன். இந்த ஊரில் அடிமைப் பேச்சை யாரும் எளிதில் எடுப்பதில்லை. யார் எந்த வழியில் வந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும், வாய் திறந்து சொல்வதில்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று பயந்தேன். தொன்தொன் குடுவையை உயரத் தூக்கி ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாஸிலிருந்து இன்னொன்றுக்கு நுரை வர ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"என் அப்பாவின் தாத்தா கினே விற்றவர். என் அம்மாவின் பாட்டியை ஆற்றுக்கு மேலேயிருந்து கொண்டுவந்தார்கள். எத்தனை துணிக்கு என்று அம்மாவுக்குத் தெரியும். எங்களிடம் சொன்னதில்லை" என்றார். பிறகு, "உன் அப்பாவிடம் சொல், நல்ல கேள்வி கேட்டார் என்று" என்றார். முதல் கிளாஸ் தேநீரை என்னிடம் நீட்டினார். முதல் சுற்று எப்போதும் கசப்பாகத்தான் இருக்கும். இன்னும் இரண்டு சுற்று இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.